விவேரியம்: தொட்டியா, கூண்டா, பேழையா?

பாம்பு போன்ற உயிர்களை வீட்டில் வளர்க்கும் அடைப்பிடத்துக்கு ஆங்கிலத்தில் விவேரியம் என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'விவுஸ்' என்றால் இலத்தீனில் உயிருள்ளது. 'ஆரியம்' இடத்தைக் குறிக்கும் விகுதி. மீன் குளத்தையும், விலங்குகளை அடைத்து வளர்க்கும் இடத்தையும் ரோமானியர்கள் விவாரியம் என்றார்கள். 6ஆம் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் காசியோடோரஸ் தென் இத்தாலியில் நிறுவிய மடத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த மீன் குளங்களால்தான். சிலர் சொல்லும் டெர்ரேரியம் என்பது, அக்வேரியம் என்ற சொல்லைப் பார்த்துப் பின்னாளில் செய்த சொல். 'தெர்ரா' என்றால் நிலம். செடி வளர்க்கும் கண்ணாடிக் குடுவைக்கும் அதே பெயர் என்பதால், பாம்புக்கு விவேரியம் என்பதே குழப்பமில்லாதது.

தமிழில் 'உயிரகம்' எனலாமே என்று தோன்றும். ஆக்சிஜனுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. தொட்டி என்றால் மேலே திறந்த மீன்தொட்டிதான் வந்து சேரும். பூட்டில்லாத மூடியைப் பாம்பு மூக்கால் நெம்பி வெளியேறிவிடும். கம்பிக் கூண்டில் சூடு நிற்காது, உரசி உரசி மூக்கு புண்ணாகும். பெட்டி என்றதும் பாம்பாட்டியின் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. பாம்பு உடலை நீட்ட முடியாத இடம் அது. தமிழ் விவிலியத்தில் நோவா உயிர்களைச் சோடியாக ஏற்றியது பேழையில். ஆகவே 'உயிர்ப்பேழை' பொருந்தும். ஒரு குறை உண்டு: பேழை மேலே திறப்பது. மேலிருந்து கை வந்தால் பாம்பு மிரளும்; முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவும் பூட்டும் வைப்பதே நல்லது.

நான்கடி வளரும் பால் பைத்தானுக்கு (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) 4×2×2 அடிப் பேழை வேண்டும். ஒரு முனை 31–33 டிகிரி, மறுமுனை 25–27. இரண்டிலும் ஒவ்வொரு மறைவிடம். ஹீட் பேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு, தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போட்டால் பாம்பின் வயிறு வெந்துவிடும். தரைக்குத் தேங்காய் நார்த்தூள் 5 செ.மீ.; உப்பு போக அலசிய பிறகே பரப்ப வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சட்டை துண்டு துண்டாக உரியும். ஏ.சி. அறையில் இது அடிக்கடி நடக்கும்.

சாரை, மண்ணுளி போன்ற நம்மூர்ப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனமான பால் பைத்தானையும் 2024 விதிகளின்படி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

கடலூர், புதுச்சேரிக் கரையில் சூடு கிடைப்பது சிக்கலே இல்லை. மே மாதம் அறையே 35 டிகிரியைத் தாண்டினால் பேழையில் குளிர்முனை என்று ஒன்று இருக்காது. ஹீட் பேடை அணைத்தாலும் போதாது, அறையைக் குளிர்விக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நார்த்தூள் நசநசத்து வயிற்றுச் செதில்கள் அழுகும். அதைத் தடுக்கக் காற்றுத் துளைகளை ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் போட வேண்டும். ஈரத்தூளை அப்போதைக்கப்போது மாற்ற வேண்டும்.