இளைஞர் அமைச்சகமா, இளையோர் ஊழியமா?

'எங்கள் இளைஞர் அமைச்சகத்தின் நோக்கமும் இலக்குகளும்' என்ற தலைப்போடு ஒரு திருச்சபையின் துண்டறிக்கை கைக்கு வந்தது. ஆங்கிலத்தின் 'யூத் மினிஸ்ட்ரி', அதாவது சபை இளையோருக்காகச் செய்யும் ஊழியம், தமிழில் இப்படி ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்த மந்திரி வர்றார்?" என்று கேட்டார். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார். இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது 'அமைச்சகம்' இது.

மினிஸ்ட்ரிக்கு மூலம் லத்தீன் 'மினிஸ்டர்'. பொருள், பணியாள். குறைவு என்னும் பொருள் தரும் 'மினுஸ்' அதற்கு உறவு. அரசனுக்குப் பணி செய்தவர் மந்திரியானார், சபைக்குப் பணி செய்தவர் போதகரானார். ஆங்கிலம் இருவருக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. தமிழுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

'அமைச்சு நல்ல தமிழ்தானே' என்பார்கள். சரி, குறளின் 64ஆம் அதிகாரத்துக்கே அதுதான் பெயர். ஆனால் வள்ளுவர் அங்கே சொல்வது, கருவியும் காலமும் அறிந்து அரசனுக்கு வழிசொல்பவனின் இலக்கணம். கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்குகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? 'அகம்' வேறு சேர்ந்துவிட்டால் கோப்பும் முத்திரையும்தான் கண்ணுக்கு வருகின்றன. தூய தமிழாக இருந்தால் மட்டும் போதாது, இடமும் பொருந்த வேண்டும்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாம் வசனத்தில் 'பந்திவிசாரணை', நான்காம் வசனத்தில் வசனத்தைப் போதிக்கிற 'ஊழியம்'. கிரேக்கத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றே. சோறு பரிமாறுவதும் போதிப்பதும் ஒரே வேரில் நிற்கின்றன. ஊழியம் என்ற சொல் இதைத் தாங்கும். அமைச்சகம் தாங்குமா?

'அரசு ஊழியர்' என்று சொல்லிச் சொல்லி, ஊழியர் என்றாலே சம்பளக்காரர் என்றாகிவிட்டதே என்று கேட்டால், அது நியாயம்தான். அப்படிக் கூசுகிறவர்கள் கத்தோலிக்கர் வழங்கும் 'பணி'யை எடுத்துக்கொள்ளட்டும், இளைஞர் பணி என்று எழுதட்டும். எனக்குச் சண்டையில்லை. பழைய 'வாலிபர் ஊழியம்' இன்று பையன்களை மட்டும் குறிப்பதுபோலக் காதில் விழுகிறது. அதனால் நான் 'இளையோர் ஊழியம்' என்றே எழுதுகிறேன்.

அறிக்கையின் உள்ளே இன்னும் கொடுமை. 'டிசைபிள்ஷிப்', அதாவது இயேசுவின் சீடராய் வாழும் சீஷத்துவம், 'ஒழுங்குமுறை' ஆகியிருந்தது. சுவிசேஷம் சொல்லப் போவதைக் குறிக்கும் 'அவுட்ரீச்', 'வெளியே எட்டுதல்'! அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை ஒட்டிவிட்டுப் போகிறவருக்கு, இளையோரைச் சீஷராக்கி, அவர்களே பிறருக்கு ஊழியம் செய்யும்படி ஆயத்தப்படுத்துவதுதான் இந்த வேலையின் நோக்கம் என்பது எப்படிப் பிடிபடும்? எபேசியர் 4:12 சொல்வதும் அதைத்தான். எத்தனை பேர், எத்தனை முகாம் என்பதெல்லாம் இலக்கு. இங்கே அதையும் நோக்கத்தையும் ஒன்றாகப் பிசைந்திருந்தார்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'சாப்பாடு பரிமாறவும் பாத்திரம் கழுவவும் பிள்ளைகள் தேவை.' அதை மட்டும் யாரோ மொழிபெயர்க்காமல் நேராகத் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள்.