ஒன் சைடு லவ்: ஒருதலைக் காதலா, கைக்கிளையா?

2004இல் வெளிவந்த தெலுங்குப் படமான ‘ஆர்யா’வைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘ஒன் சைடு லவ்’ என்ற சொல் வந்துவிடும். இயக்குநர் சுகுமாருக்கு அது முதல் படம். காதலிக்கிறேன் என்று சொல்லாவிட்டால் மாடியிலிருந்து குதித்துவிடுவேன் என்று அஜய் (சிவ பாலாஜி) மிரட்ட, கீதா (அனு மேத்தா) சம்மதிக்கிறாள். அதே கீதாவை ஆர்யாவும் (அல்லு அர்ஜுன்) விரும்புகிறான். அவள் திருப்பிக் காதலிக்க வேண்டும்கூட இல்லை, தன் காதலை உணர்ந்தால் போதும் என்கிறான். மூன்று பேர் இருப்பதால் இது முக்கோணக் காதல்; தெலுங்கிலும் முக்கோணம் என்றே சொல்வார்கள். ஆனால் சண்டையும் ஓட்டமும் நிறைந்த இந்தக் கதையை நகர்த்துவது ஆர்யாவின் ஒருபக்க அன்புதான்.

இதற்குத் தமிழ் ‘ஒருதலைக் காதல்’. இதில் தலை என்பது பக்கம். ‘ஒருதலைப்பட்சம்’ என்கிறோமே, அதே தலைதான். பழந்தமிழில் ஒருதலை என்றால் உறுதி என்றும் பொருள் உண்டு. ‘ஒருதலையாச் சொல்லலும் வல்லது அமைச்சு’ என்ற குறளில் அப்படி வருகிறது. காதலுக்கு வரும்போது அதே வள்ளுவர் பக்கம் என்ற பொருளில் ஆள்கிறார்:

‘ஒருதலையான் இன்னாது காமம்காப் போல
இருதலை யானும் இனிது.’ (1196)

கா என்பது காவடித் தண்டு. இரண்டு பக்கமும் பாரம் ஒத்திருந்தால்தான் தூக்க முடியும். இதைச் சொல்பவள் தலைவி என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருதலைக் காதல் என்றாலே ஆணின் ஏக்கம் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது.

இலக்கணத்தில் இதன் பெயர் கைக்கிளை. கை என்பது சிறுமை, கிளை என்பது உறவு என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். ‘கைக்கிளை உடையது ஒருதலைக் காமம்’ என்று நம்பியகப்பொருள் என்ற அகப்பொருள் இலக்கண நூல் நேராகவே சொல்லிவிடுகிறது. தொல்காப்பியம் இன்னும் நுட்பமானது. காமத்துக்குரிய பருவம் வராத இளையவளிடம் ஒருவன் பேசுகிறான். பதில் இல்லை. ஆனாலும் பேசியதிலேயே மகிழ்கிறான்: ‘சொல்எதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’. ஆர்யாவின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் கீதா கல்லூரி மாணவி. அந்த இளமை நிபந்தனை அவளுக்குப் பொருந்தாது. அதனால் தொல்காப்பியர் வகுத்த கைக்கிளைக்குள் இந்தக் கதை முழுதாக அடங்காது.

அப்புறம், அஜய்? அவன் காதலையும் ஒருதலை என்று தள்ளிவிடலாம்தான். எனக்கு அது பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமத்தின் பக்கம் சாய்வதாகவே படுகிறது. ‘மிக்க காமத்து மிடல்’, அதாவது மிதமிஞ்சிய காமத்தால் வரும் வன்மையை, தொல்காப்பியம் பெருந்திணையில் வைக்கிறது. உயிரைப் பணயம் வைத்துச் சம்மதம் வாங்குவது வன்மை இல்லாமல் வேறென்ன? தலைவியை அடைய முடியாதவன் மலையிலிருந்து பாய்வதற்கு ‘வரைபாய்தல்’ என்று பழைய பெயரே இருக்கிறது. மலை இப்போது மாடியாகிவிட்டது.

அன்றாடப் பேச்சிலும் படக்கதை எழுதும்போதும் ‘ஒருதலைக் காதல்’ போதும். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கைக்கிளையை இலக்கியப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். இதே படம் 2010இல் தனுஷ் நடிக்க ‘குட்டி’ என்று தமிழுக்கு வந்தது. அதற்கும் ‘ஒருதலைக் காதல் கதை’ என்று எழுதினால் சரியாகவே இருக்கும்.