எட்டு மணி நேர மௌனம்: கூட்டாக இணைய வானொலி நடத்துவோருக்கு

சர்வர் பராமரிப்புதான் என் தொழில். அதோடு கூட, தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் இணைய வானொலிகள் சிலவற்றை நிறுவிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் முதலாவது, ஒரு நாள் காலையில் என்னைத் தலைகுனிய வைத்தது. முந்தின இரவு 10 மணிக்கு நிகழ்ச்சியை முடித்த நண்பர் மைக்கை அணைத்தார். பாட்டுப் பட்டியலை ஓடவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டார். பட்டியல் ஓடவில்லை. ஆனால் அவருடைய மடிக்கணினி சர்வரோடு இருந்த இணைப்பை விடவில்லை. ஒழுங்காக, விநாடி தவறாமல், மௌனத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது. காலை 6 மணிக்குத்தான் கண்டுபிடித்தோம். எச்சரிக்கை எதுவும் வரவில்லை, ஏனென்றால் சர்வரின் கணக்கில் எல்லாம் சரி: ஒலிபரப்புபவர் இணைந்திருக்கிறார், தரவு வருகிறது, கேட்பவர்கள் 3 பேர்.

அந்த மூவரில் ஒருவன் நான்தான். ஃபோனில் வானொலியைப் போட்டபடியே தூங்கிப்போயிருந்தேன்.

இணைய வானொலி தொடங்கப் போகிறோம் என்று வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். ஒலியை வாங்கிக் கேட்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஐஸ்காஸ்ட். 1990களின் கடைசியிலிருந்து இருக்கிறது, ஸைஃப் அறக்கட்டளை பராமரிக்கிறது. எந்த நேரத்தில் எதை ஒலிபரப்புவது என்று முடிவெடுப்பது லிக்விட்சோப். நேரடியாகப் பேச 'பட்' என்ற சின்னச் செயலி போதும். பாட்டுகளைக் கலந்து போட மிக்ஸ், பதிவை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி. இதையெல்லாம் தனித்தனியாக நிறுவப் பொறுமை இல்லையென்றால் அசுராகாஸ்ட் அல்லது லிப்ரேடைம். இரண்டுமே உலாவியில் திறந்து நடத்தக்கூடிய முழு நிலையங்கள். எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். லினக்ஸ் கொஞ்சம் பழகியவர் ஒரு மாலைப் பொழுதில் ஒலிபரப்பைத் தொடங்கிவிடலாம்.

சிக்கலெல்லாம் மறுநாள் காலையிலிருந்துதான்.

லிக்விட்சோப்பைப் புதிதாகத் தொடுகிறவர்கள் எல்லோரும் ஒரு பிழைச்செய்தியில் முட்டிக்கொள்வார்கள். நான்கு வரி நிரல் எழுதி, ஒரு பாட்டுப் பட்டியலைக் கொடுத்து, சர்வருக்கு அனுப்பு என்று சொன்னால், அது ஓட மறுத்துவிடும். 'இந்த ஒலிமூலம் தவறக்கூடியது' என்று சொல்லும். பட்டியல் காலியாக இருக்கலாம், கோப்பு கெட்டுப்போயிருக்கலாம், நேரலை பேசுபவரின் இணைப்பு அறுந்து போகலாம். அப்போது நான் எதை ஒலிக்க என்று நிரல் தொடங்கும் முன்பே கேட்டு நிற்கிற மென்பொருள் அது. முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே மருந்தைச் சொல்வார்கள்: 'எம்கேசேஃப்' என்ற செயற்கூற்றுக்குள் மூலத்தைப் போட்டுவிடு, பிழை போய்விடும். போய்விடும்தான். ஆனால் மூலம் தவறும்போது அது என்ன செய்யும் தெரியுமா? மௌனத்தை ஒலிபரப்பும். கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்டவரின் வாயை அடைத்தாற்போல.

சரியான வழி, அடுக்கு அடுக்காக மாற்று வைப்பது. மேலே நேரலை. நேரலை இல்லையென்றால் நாளின் நிகழ்ச்சிப் பட்டியல். அதுவும் இல்லையென்றால் சர்வரின் வட்டிலேயே கிடக்கும் ஒரே ஒரு கோப்பு. இந்தக் கடைசிக் கோப்பு வலைப்பின்னலையோ வேறு கணினியையோ நம்பி இருக்கக் கூடாது. எங்களுடையது மூன்று நிமிடம்: நிலையத்தின் பெயர், 'ஏதோ தடங்கல், சரிசெய்து கொண்டிருக்கிறோம்' என்று ஒரு குரல், பிறகு கொஞ்சம் வீணை. இதற்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டெப்னி.

ஆனால் அந்த எட்டு மணி நேரச் சிக்கலுக்கு இது மட்டும் போதாது. அங்கே இணைப்பு அறுபடவே இல்லையே. அதற்குத்தான் மௌனத்தை மோப்பம் பிடிக்கும் வசதி லிக்விட்சோப்பில் இருக்கிறது. ஒலி -40 டெசிபலுக்குக் கீழே 20 விநாடி தொடர்ந்து இருந்தால், நேரலை இணைந்திருந்தாலும் இல்லாததாகவே கருது என்று அமைத்திருக்கிறோம். உடனே கீழ் அடுக்குக்குப் போய்விடும். 20 விநாடி ஏன்? 5 என்று வைத்துப் பார்த்தோம். ஒரு பெரியவர் கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவார். அவர் மூச்சு வாங்குவதற்குள் பாட்டு வந்து விழுந்தது. அவர் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது.

மென்பொருள் கேட்ட அதே கேள்வியை மனிதர்களைப் பற்றியும் கேட்கப் பழகிக்கொண்டேன். எந்தக் குழு வந்தாலும் நான் முதலில் கேட்பது: உங்களில் யார் ஒருவர் நாளை ஃபோனை எடுக்காவிட்டால் நிலையம் நின்றுபோகும்? பெரும்பாலும் எல்லாக் கண்களும் ஒரே ஆளின் பக்கம் திரும்பும். அவரும் பெருமையாகச் சிரிப்பார். டொமைன் பெயர், அதாவது நிலையத்தின் இணைய முகவரி, அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். சர்வருக்கான பணம் அவருடைய அட்டையிலிருந்து போகும். கடவுச்சொற்கள் அவர் தலைக்குள். நல்ல மனிதர், உழைப்பாளி, ஆனால் தவறக்கூடிய மூலம்.

எனக்குத் தெரிந்த ஒரு நிலையம் இப்படித்தான் போனது. சண்டை சச்சரவு ஏதும் இல்லை. பொறுப்பாளருக்கு வேலை மாறியது, குழந்தை பிறந்தது, பழைய மின்னஞ்சலைப் பார்க்க நேரமில்லை. டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அங்கேயே கிடந்தன. காலக்கெடு முடிந்து வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார்கள். சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முகவரிதான் இல்லை.

ஆகவே டொமைனும் சர்வர் கணக்கும் குழுவுக்கென்று தொடங்கிய மின்னஞ்சலில் இருக்கட்டும். அதைக் குறைந்தது இரண்டு பேர் திறக்க முடிய வேண்டும். கடவுச்சொற்களைக் கீபாஸ் போன்ற பெட்டகக் கோப்பில் வைத்து, அதன் சாவியை இரண்டு பேர் தனித்தனியே வைத்திருக்கலாம். கடவுச்சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐஸ்காஸ்டின் மாதிரி அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் இருக்கும் இடத்தில் 'ஹேக்மீ' ('என்னுள் அத்துமீறி நுழை') என்றே எழுதியிருக்கும். எழுதியவரின் குறும்பு. அதை அப்படியே விட்டுவைத்த நிலையங்களில் முன்பின் தெரியாதவர்கள் நுழைந்து ஒலிபரப்பிய கதைகள் உண்டு. மாற்றினால் மட்டும் போதாது, மாற்றியதை எல்லோருக்கும் ஒரே சொல்லாக வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கூடாது. அசுராகாஸ்டிலும் லிப்ரேடைமிலும் தொகுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுக்கலாம். ஒருவர் விலகினால் அவருடையதை மட்டும் மூடினால் போதும்.

லிப்ரேடைமின் கதையே இதற்குப் பொருத்தமானது. ஏர்டைம் என்ற மென்பொருளின் கட்டற்ற பதிப்பு வளராமல் தேங்கியபோது, அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் 2017இல் மூலநிரலை எடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கினார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. உங்கள் நிலையத்தை இன்னொருவர் அப்படி எடுத்து நடத்த முடியுமா என்று பாருங்கள். அமைப்புக் கோப்புகள், நிரல்கள், நிகழ்ச்சி அட்டவணை எல்லாம் 'கிட்' என்ற, கோப்புகளின் மாற்றங்களை வரிசையாகச் சேமிக்கும் மென்பொருளில் இருக்கிறதா? பதிவுகளுக்கு இன்னொரு இடத்தில் நகல் இருக்கிறதா? அந்த நகலை எடுத்து யாராவது ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தார்களா?

இணையத் தரவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விநாடிக்கு 64 கிலோபிட் ஒலியை ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 28.8 மெகாபைட். 50 பேர் கேட்டால் 1.44 ஜிகாபைட். 50 பேரும் மாதம் முழுக்க இரவு பகலாகக் கேட்டால் ஏறக்குறைய ஒரு டெராபைட். வீட்டுக் கணினியில் ஐஸ்காஸ்டை வைத்தால் இந்தச் சுமை முழுவதும் வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகத்தில் விழும். வாடகை சர்வரில் வைத்தால் உங்கள் வீட்டிலிருந்து போவது ஒரே ஓர் ஓடை (தொடர்ந்து பாயும் ஒலித்தரவு) மட்டும். பேச்சுக்கு ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவம் 32 கிலோபிட்டிலேயே தெளிவாக இருக்கும். ஆனாலும் பழைய கருவிகளுக்காக எம்.பி.3 ஓடை ஒன்றையும் கூடவே வையுங்கள். அதன் காப்புரிமைத் தொல்லை 2017ஓடு தீர்ந்துவிட்டது. தொலைபேசியில் நேயர்களோடு பேசுவதாக இருந்தால் இன்னொன்று: ஐஸ்காஸ்ட் புதிதாக இணைபவருக்கு முதலில் 64 கிலோபைட்டை மொத்தமாகக் கொடுக்கும். 64 கிலோபிட் ஓடையில் அதுவே எட்டு விநாடித் தாமதம். பேசும் நேயரின் பக்கத்திலேயே வானொலி ஓடினால், எட்டு விநாடி முன் பேசியது ஃபோன் வழியே திரும்பி வந்து குழப்பும். 'அம்மா, உங்க பக்கம் ரேடியோவ அணைச்சிட்டுப் பேசுங்க' என்று வானொலிக்காரர்கள் கெஞ்சுவது எதற்கென்று இப்போது புரியும்.

கேட்பவர்களை விரட்டுவதில் மௌனத்துக்கு அடுத்த இடம் ஒலி அளவின் ஏற்ற இறக்கத்துக்கு. ஒரு தங்கை போர்வைக்குள் உட்கார்ந்து மெல்லிய குரலில் பதிந்த நிகழ்ச்சி முடிகிறது. அடுத்த நொடி பாட்டு காதைப் பிளக்கிறது. கேட்பவர் ஒலியைக் குறைப்பார், இரண்டாம் முறையும் குறைப்பார், மூன்றாம் முறை அணைத்துவிடுவார். ஒலி, காணொளிக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் ஒலிச் சமன் வடிகட்டி இருக்கிறது. சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோப்பையும் அது -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அலகு) அளவுக்குக் கொண்டுவரும்படி ஒரு சிறு நிரல் எழுதி வைத்துவிட்டோம். தொகுப்பாளர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம்: துணிமணி நிறைந்த அறையில் பதியுங்கள், மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். விலையுயர்ந்த மைக்கை வெற்றுச் சுவர் அறையில் வைப்பதைவிட, ஃபோனை அலமாரிக்கு முன்னால் வைத்துப் பதிவது நன்றாக இருக்கும்.

அடுத்தது பாட்டு. மென்பொருள் இலவசமாகக் கிடைத்த மயக்கத்தில் பாட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு திரைப்பாட்டில் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, பதிவுக்கு ஓர் உரிமை. லாப நோக்கம் இல்லை என்பது அனுமதி ஆகாது. நிலையத்தைத் தொடங்கும் முன்பே உங்கள் நாட்டில் இணைய ஒலிபரப்புக்கு யாரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று விசாரித்துவிடுங்கள். படைத்தவர்களே நிபந்தனைகளோடு பகிர அனுமதித்த கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டுகளிலும் உரிமத்தின் வாலைப் படிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, சிலவற்றை மாற்றிப் பகிரக் கூடாது. பாட்டைச் சேர்க்கும்போதே அது எங்கிருந்து வந்தது, என்ன உரிமம் என்று விரிதாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆயிரம் பாட்டு சேர்ந்தபின் எழுதலாம் என்று விட்டவர்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

வளர்ச்சி என்று வரும்போது, அந்தந்த நேரத்தில் கேட்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பதை விட்டுவிடுங்கள். அதில் தானியங்கிகளும் இருக்கும், என்னைப்போல் தூங்கிப்போனவர்களும் இருப்பார்கள். ஐஸ்காஸ்டின் பதிவேட்டில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எண் இருக்கும். அந்த நேயர் எத்தனை விநாடி இணைந்திருந்தார் என்பது அது. பத்து விநாடிக்குள் போனவர்களைத் தள்ளிவிட்டு மற்றவர்களை மணிவாரியாகப் பாருங்கள். எங்கள் நிலையத்தில் நாங்கள் பெருமைப்பட்ட இரவு இசை நிகழ்ச்சியைவிட, இரண்டு பேர் சாவகாசமாகப் பேசும் காலை நிகழ்ச்சியில்தான் ஆட்கள் தங்கினார்கள். அதே பதிவேட்டில் நேயர்களின் ஐபி முகவரியும் இருப்பதால், கணக்கு எடுத்ததும் அழித்துவிடுவது எங்கள் வழக்கம்.

24 மணி நேரமும் புதிதாக எதையாவது தர வேண்டும் என்ற ஆசையை ஆரம்பத்திலேயே வெட்டிவிடுங்கள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் புதிய நிகழ்ச்சி, மீதி மறு ஒலிபரப்பு என்பதே ஒரு சின்னக் குழுவுக்கு நல்ல சுமை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு பேர் என்பது எங்கள் விதி. பேசத் தெரிந்தவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்பவர் ஒருவர். ஆறு மாதத்தில் இரண்டாமவர் தனக்கென்று ஒரு நிகழ்ச்சி கேட்பார். அவருக்குப் பக்கத்தில் வேறொருவரை உட்கார வைக்க வேண்டியதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் 'ஆள் இல்லாத வாரம்' நடத்துகிறோம். அந்த வாரம் நிலையத்தில் அதிகம் தெரிந்த ஆள் எதையும் தொடக் கூடாது, குழுவில் பதில் சொல்லவும் கூடாது. முதல் முறை என் முறையே வந்தது. இரண்டாம் நாளே உலாவிகள் எங்கள் ஓடையைத் திறக்க மறுத்தன. பாதுகாப்புச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது, ஐஸ்காஸ்டுதான் பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை மீண்டும் தொடங்கினால் போதும் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்த சங்கதி. மாலை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு நானே விதியை மீறினேன்.

போன மாதம் மறுபடியும் என் வாரம். புதன்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு நின்றது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். இருபது வந்ததும் ஸ்டெப்னி குரல், பிறகு வீணை. ஈரக் கையோடு ஃபோனை எடுத்தேன், கீழே வைத்தேன். வீணை முடிவதற்குள் நிகழ்ச்சி திரும்பிவிட்டது. இரவு குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். நிலையத்துக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் எழுதியிருந்தார்: '7.42. மைக் வயர் கழன்றது. மாட்டினேன். வயர் பழசு, வேறு வாங்கணும்.'