பம்ப் ஓடுகிறது என்பதற்காகக் குழாயில் நீர் ஓடுவதாகக் காட்டாதீர்கள்

உறிஞ்சு பக்கத்து ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைத்துக்கொண்டதால் தண்ணீரின்றி ஓடி, மெக்கானிக்கல் சீல் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பாகம்) கருகிப்போன ஒரு பம்பைப் பார்க்க அண்மையில் ஓர் ஆலைக்கு அழைக்கப்பட்டேன். அங்கே எனக்குப் புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஆபரேட்டர் அலட்சியமானவர் அல்லர். வெப்பநிலை ஏறத் தொடங்கியதுமே குளிர்நீர்க் குழாய்களைப் படமாகக் காட்டும் கணினித் திரையைத் திறந்து பார்த்திருக்கிறார். பம்ப் பச்சையாக இருந்திருக்கிறது. பம்பிலிருந்து வெப்பப் பரிமாற்றி வரை எல்லாக் குழாய்களிலும் நீலக் கோடுகள் சீராக ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது, வெப்பநிலையை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அந்த நீலக் கோடுகளின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி பம்பை ஓடச் சொல்லும் கட்டளை பிட்டுடன் (ஆம், இல்லை என்ற ஒற்றைக் குறிப்பு) அவை இணைக்கப்பட்டிருந்தன. அதே குழாயில் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் ஒன்று பொருத்தப்பட்டு, அதன் அளவு பி.எல்.சி. வரை ஒழுங்காக வந்து, வேறொரு திரையின் மூலையில் சுழியம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

இதை ஆபரேட்டரின் தவறு என்று அறிக்கையில் எழுத நான் மறுத்துவிட்டேன். இருபது எண்களைத் தேடிப் படிக்காமல் ஒரே பார்வையில் நிலைமையை அறிந்துகொள்ளத்தான் அவருக்கு அந்தப் படத்தை வரைந்து கொடுத்தோம். படம் பொய் சொன்னால் அதற்குப் பொறுப்பு வரைந்தவரையே சேரும்.

திரை வடிவமைக்கும் இளம் பொறியாளர்களிடம் ஏன் இப்படி இணைத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “பம்ப் ஓடினால் தண்ணீர் ஓடத்தானே செய்யும்?” இந்த எண்ணத்தைத்தான் முதலில் களைய வேண்டும், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பம்புக்குக் கட்டளை போனது என்றால், பி.எல்.சி. அப்படிச் சொன்னது என்று மட்டுமே பொருள். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் துணைத் தொடர்பிலிருந்து ஃபீட்பேக் வந்தது என்றால், கான்டாக்டர் இழுத்துக்கொண்டது என்று பொருள். மோட்டார் கரண்ட் வருகிறது என்றால் மோட்டார் சுற்றுகிறது எனலாம். ஆனால் மோட்டாரையும் பம்பையும் பிணைக்கும் கப்ளிங் உடைந்திருந்தாலும் மோட்டார் சுற்றும். கப்ளிங் நன்றாக இருந்தும் உறிஞ்சு வால்வு மூடியிருக்கலாம், வெளியேற்று வால்வு மூடியிருக்கலாம், பம்புக்குள் காற்று அடைத்திருக்கலாம், நீரைப் பின்னோக்கி விடாத நான்-ரிட்டர்ன் வால்வு சிக்கியிருக்கலாம், நீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், இணையாக ஓடும் இன்னொரு பம்பின் அழுத்தம் இதைத் தள்ளவிடாமல் நிறுத்தியிருக்கலாம். வெளியேற்றுப் பக்கத்தில் அழுத்தம் இருப்பதுகூட ஓட்டத்துக்குச் சான்று ஆகாது. வால்வு மூடியிருக்கும்போதுதான் மையவிலக்குப் பம்பில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். கட்டளைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இத்தனை படிகள் இருக்க, முதல் படியிலேயே நின்றுகொண்டு கடைசிப் படியில் நடப்பதைத் திரையில் வரைவது ஊகம். ஊகத்தை அளவீடு போலக் காட்டுவது நம் தொழிலில் ஏற்கத் தக்கதன்று.

இதன் விலை என்ன என்பதை நம் துறை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது அலகில், அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கான விளக்கு, வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டவில்லை. அதை இயக்கும் மின்காந்தமான சோலினாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே காட்டியது. விளக்கு அணைந்தது, வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் நம்பினார்கள், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது, உலையின் மையப்பகுதி ஓரளவு உருகியது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பிலும், உண்மையில் மூடியிருந்த ஒரு வால்வைக் கட்டுப்பாட்டு அமைப்பு திறந்திருப்பதாகவே காட்டியது. 26 பேர் காயமடைந்தார்கள். முதலாவதில் ஒரு விளக்கு, இரண்டாவதில் ஒரு வால்வுக் குறியீடு. இன்று நாம் அதே பிழையை அசையும் கோடுகளாக, இன்னும் நம்பத்தக்க உருவத்தில் செய்துகொண்டிருக்கிறோம். அசையும் பொருளைக் கண் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது என்பதால் இது விளக்கைவிட ஆபத்தானது.

ஆகவே விதி இதுதான்: குழாயில் கோடு ஓட வேண்டுமானால், அதற்குப் பின்னால் ஓட்டத்தை அளக்கும் கருவி ஒன்று இருக்க வேண்டும். ஃப்ளோ டிரான்ஸ்மிட்டர் இருந்தால் மிக நல்லது. ஃப்ளோ சுவிட்ச் இருந்தாலும் போதும். இரண்டும் இல்லை என்றால், பம்ப் ஃபீட்பேக், இரு பக்க வால்வுகளின் நிலையைக் காட்டும் லிமிட் சுவிட்ச், உறிஞ்சு பக்கத்துக்கும் வெளியேற்றுப் பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு ஆகியவற்றைச் சேர்த்துப் பி.எல்.சி.யிலேயே ஒரு முடிவை எடுக்கலாம். ஆனால் அப்படிக் கணித்த ஓட்டத்தை அளந்த ஓட்டத்தைப் போலவே காட்டாதீர்கள். அசையாத அம்புக்குறி ஒன்றே அதற்குப் போதும். எதுவுமே இல்லாத குழாயில் வெறும் சாம்பல் கோடு இருக்கட்டும். திரை கொஞ்சம் உயிரற்றதாகத் தெரியும் என்று வாடிக்கையாளர் குறைப்பட்டால், பொறுமையாக விளக்குங்கள். திரை வடிவமைப்புக்கென 2015இல் வெளிவந்த ஐ.எஸ்.ஏ. 101 தரநிலையைப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இதே அளவுக்கு முக்கியம். வலை அடிப்படையிலான டாஷ்போர்டுகளில் கோடுகளை ஓட்டுவது உலாவி. ஆலையிலிருந்து வரும் தரவு அன்று. ‘ஓட்டம் உண்டு’ என்று ஒருமுறை சொன்னால், ‘இல்லை’ என்ற சொல் வரும்வரை உலாவி கோடுகளை ஓட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் நெட்வொர்க் கேபிள் கழன்றாலும், தரவைக் கடத்தும் கேட்வே உறைந்துபோனாலும், பி.எல்.சி. நின்றே போனாலும் அந்த ‘இல்லை’ வரப்போவதில்லை. திரையில் எண்கள் மட்டும் இருந்தால், அவை மாறாமல் நிற்பதைப் பார்த்து அனுபவமுள்ள ஆபரேட்டர் ஐயப்படுவார். கோடுகள் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஐயத்துக்கும் இடமில்லை. செத்துப்போன திரை உயிரோடு இருப்பதாகத் தெரியும். எனவே குழாய்க் குறியீட்டுக்கு ‘ஓடுகிறது’, ‘நிற்கிறது’ என்ற இரண்டு நிலைகள் போதாது. ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது நிலை கட்டாயம் வேண்டும். ஓ.பி.சி. யு.ஏ. என்ற தரவுப் பரிமாற்ற நெறிமுறை வழியாக வரும் ஒவ்வொரு மதிப்புடனும் அது நல்லதா, ஐயத்துக்குரியதா, கெட்டதா என்ற தரமும் நேர முத்திரையும் சேர்ந்தே வருகின்றன. அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்றொரு நெறிமுறையான மோட்பஸ்ஸில் இந்த வசதி இல்லை. அங்கே பி.எல்.சி.யில் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணை வைத்து, அது சில நொடிகள் மாறாமல் நின்றால் அந்தக் கருவியின் எல்லாக் குழாய்களையும் ‘தெரியவில்லை’ நிலைக்குத் தள்ளுங்கள். உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே இணைப்பு அறுந்தாலும் அதுவே நடக்க வேண்டும்.

திரை வரையும் மென்பொருளில் குழாய்க் குறியீட்டின் அமைப்புப் பலகையைத் திறந்தால் திரவம் உள்ளதா, ஓட்டம் உண்டா, எந்தத் திசை, எவ்வளவு வேகம், கசிவு உண்டா எனத் தனித்தனியே கேட்கும். திரவம் இருப்பதும் திரவம் ஓடுவதும் வேறு வேறு. நிரம்பி நிற்கும் குழாயைக் கழற்றப் போகிறவருக்கு அந்த வேறுபாடு உயிர் சார்ந்தது. இரண்டையும் ஒரே டேக்குடன் (பி.எல்.சி. மதிப்பு ஒன்றின் பெயர்) இணைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தொடக்க மதிப்பு ஒன்று இருக்கும். டேக் பெயரைத் தவறாக அடித்துவிட்டால் குறியீடு அந்த மதிப்பிலேயே நின்றுவிடும். அது ‘ஓட்டம் உண்டு’ என்று இருந்தால் தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது. எனவே தொடக்க மதிப்பு எப்போதும் ‘இல்லை’ என்றே இருக்கட்டும்.

மதிப்பை மாற்றித் தரும் சிறு நிரல்வரிகளில் ஒளிந்திருக்கும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில கேட்வேக்கள் சுழியத்தை எண்ணாக அனுப்பாமல் எழுத்துச் சரமாக அனுப்புகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் வெறுமையாக இல்லாத எந்தச் சரமும் ‘உண்மை’ என்றே கொள்ளப்படும். சரமாக வந்த சுழியமும் அப்படித்தான். பம்பை நிறுத்தினாலும் கோடு நிற்கவில்லை என்று சொல்லி மென்பொருளைக் குறை கூறுவோர் முதலில் இதைச் சரிபாருங்கள்.

4–20 மில்லி ஆம்பியர் சிக்னலில் (அளவின் கீழெல்லைக்கு 4, மேலெல்லைக்கு 20) இன்னொரு பொறி இருக்கிறது. மணிக்கு 0 முதல் 200 கன மீட்டர் வரை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் கம்பி அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் சுழியம் ஆகும். எல்லை வைக்காத கணக்கு அதை -50 கன மீட்டர் என்று மாற்றித் தரும். திசையை எண்ணின் குறியிலிருந்து எடுக்கும்படி அமைத்திருந்தால், அறுந்த கம்பி ஒன்று திரையில் தண்ணீரைப் பின்னோக்கி ஓடவைக்கும். ஆபரேட்டர் நான்-ரிட்டர்ன் வால்வு போய்விட்டது என்று எண்ணிப் பம்பை நிறுத்துவார். நாமூர் என்ற தொழில் அமைப்பின் என்.இ. 43 பரிந்துரையின்படி 3.8 முதல் 20.5 மில்லி ஆம்பியர் வரைதான் அளவீடு, 3.6க்குக் கீழோ 21க்கு மேலோ போனால் அது கோளாறு. கோளாறு என்றால் ‘தெரியவில்லை’ நிலைக்குப் போக வேண்டும். அதேபோல், நின்றுபோன குழாயிலும் ஃப்ளோ மீட்டர் சுழியத்தைச் சுற்றிச் சற்றே அலையும். அந்த அலைவுக்கெல்லாம் கோடுகள் முன்னும் பின்னும் துடிக்காமல் இருக்க, தொடங்கும் எல்லையையும் நிற்கும் எல்லையையும் வேறு வேறாக வையுங்கள்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கோடு ஓடும் வேகத்தைப் பார்த்து ஓட்டத்தின் அளவை யாராலும் படிக்க முடியாது. ஒரே சீரான, மெதுவான வேகம் போதும். அளவைக் குழாயின் அருகிலேயே எண்ணாக எழுதுங்கள். வேகத்தைக் கூட்டினால் வேறொரு சிக்கல் வரும். ஒரு கோடும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 20 பிக்சல் என்றும், கோடுகள் நொடிக்கு 180 பிக்சல் ஓடுகின்றன என்றும் கொள்வோம். உங்கள் மேசையில் அழகாகத் தெரியும். நொடிக்கு 10 பிரேம் மட்டுமே வரும் ரிமோட் இணைப்பில் அதே திரையைத் திறந்தால், ஒவ்வொரு பிரேமிலும் கோடு 18 பிக்சல் முன்னேறும். கண்ணுக்கோ அது 2 பிக்சல் பின்வாங்கியதாகவே தெரியும். வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் திரைப்படத்தில் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிகிறதே, அதேதான் இதுவும்.

திசையில் நிகழும் மற்றப் பிழைகள் கவனக்குறைவால் வருபவை. குழாய் வளைவைக் காட்டும் முழங்கைக் குறியீட்டைச் சுழற்றி வைக்கும்போது அதன் உள்வழியும் வெளிவழியும் இடம் மாறிவிடும். அடுத்தடுத்த இரு துண்டுகள் ஒன்றையொன்று நோக்கி ஓடும் திரைகளை அடிக்கடி பார்க்கிறேன். டீ இணைப்பில் பிரியும் இரண்டு கிளைகளையும் தலைமைக் குழாயின் மீட்டருடன் இணைத்துவிடுகிறார்கள். ஒரு கிளையின் வால்வு மூடியிருந்தாலும் இரண்டிலும் கோடு ஓடும். முதல் பம்பின் குழாய்த் தொகுதியை அப்படியே நகலெடுத்து இரண்டாவது பம்புக்கு ஒட்டிவிட்டு, ஒரே ஒரு துண்டில் மட்டும் பழைய டேக்கை மாற்ற மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து ஒட்டிய பிறகு ஒவ்வொரு துண்டாகத் திறந்து பாருங்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஒப்படைப்புச் சோதனையில் பம்பை ஓட்டிக் காட்டி, கோடு ஓடுகிறது, சரி என்று கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். அந்தச் சோதனையில் தவறான திரையும் தேர்ச்சி பெற்றுவிடும். பம்ப் ஓடும் நிலையில் ஓட்டம் சுழியமானால் திரை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். வால்வை மூடி இதைச் செய்ய வேண்டியதில்லை, பி.எல்.சி.யில் ஓட்டத்தின் மதிப்பைச் செயற்கையாகக் கொடுத்தாலே போதும். ஓட்டம் நின்றால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் இன்டர்லாக் இயங்கும் என்பதால் ஆபரேஷன் பிரிவிடம் சொல்லிவிட்டே இதையும் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட அளவு திரவத்தைத் தள்ளியே தீரும் பாசிட்டிவ் டிஸ்பிளேஸ்மென்ட் வகைப் பம்பில் வெளியேற்று வால்வை மூடிச் சோதிக்க எக்காரணம் கொண்டும் முயலாதீர்கள், குழாய் வெடிக்கலாம். பிறகு அனுமதி பெற்று டிரான்ஸ்மிட்டர் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். உலாவியை இரவு முழுவதும் திறந்து வைத்துக் காலையில் பாருங்கள். அசையும் துண்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் கட்டுப்பாட்டு அறையின் பழைய கணினி திணறி, அலாரமே தாமதமாக வரும் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளில் எல்லாத் திரைகளையும் ஒரே நாளில் திருத்த இயலாது என்பதை அறிவேன். குளிர்நீர், மசகு எண்ணெய், தீயணைப்பு நீர் ஆகிய மூன்று குழாய் வரிசைகளிலிருந்து தொடங்குங்கள். ஓட்டம் இல்லாதது தெரியாமல் போனால் மிக விரைவாகச் சேதம் விளைவது இவற்றில்தான். ஒவ்வொரு குழாய்க் குறியீட்டின் அமைப்பையும் திறந்து, பின்னால் இருக்கும் டேக் எது என்று ஒரு பட்டியலில் எழுதுங்கள். அது கட்டளை பிட்டாக இருந்தால், சரியான டேக் கிடைக்கும் வரை அசைவை நிறுத்திவிட்டு, நிறுத்தியிருப்பதை ஷிப்ட் பதிவேட்டில் எழுதி ஆபரேட்டரிடமும் சொல்லிவிடுங்கள்.