தண்ணீர் சூடானால் யார் மிஞ்சுவார்: புறாத்தீவிலிருந்து கந்தளாய்க் குளம் வரை

ஏப்ரல் மாதம் திருகோணமலையில் காற்று செத்துப் போகும். வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் தொடங்கியிராது. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட இந்தச் சில வாரங்களில் நிலாவெளிக் கடல் அசையாமல் கிடக்கும், சூரியன் நேரே உச்சிக்கு மேல் நிற்கும். கரைவலைக்காரருக்கு இது வாய்ப்பான காலம். கடலுக்கடியில் இருக்கிற முருகைக்கற்களுக்கோ வருடத்திலேயே மிகவும் கடினமான நாட்கள் இவைதான்.

கடல் சூடானால் மீன் செத்துப்போகும் என்று பொதுவாகச் சொல்கிறோம். சில நேரம் அப்படியும் நடக்கும், செத்த மீன் கரையில் ஒதுங்கும், எல்லாரும் பார்ப்போம். அதைவிடப் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. ஓரிடத்தில் சேர்ந்து வாழும் நூற்றுக்கணக்கான உயிர்களில் சில குறைகின்றன, சில பெருகுகின்றன, யாரை யார் தின்பது என்ற கணக்கு மாறுகிறது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் தண்ணீரில் உயிர் இருக்கும், பழைய கூட்டம் இராது.

நம் கடல் உயிர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. குளிர்நாட்டுக் கடலோர மீன் ஒரே வருடத்துக்குள் பத்துப் பாகைக்கு மேல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிடும். அதன் உடம்பு அதற்குப் பழகியது. இங்கே கடலின் மேல்நீர் வருடம் முழுவதும் ஏறத்தாழ 26 முதல் 30 பாகை செல்சியசுக்குள் நிற்கிறது. அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே எல்லாம் வாழப் பழகியிருக்கின்றன, அதுவும் மேல் விளிம்புக்கு மிகக் கிட்ட. 1951 முதல் 2015 வரை வெப்பவலய இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு சராசரியாக ஒரு பாகை சூடேறியிருக்கிறது. கேட்க ஒன்றுமில்லாத எண். விளிம்பில் நிற்கிற உயிருக்கு அது கொஞ்ச இடம் அல்ல.

முருகைக்கல்லை முகமூடி போட்டுக்கொண்டு அருகே போய்ப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு விலங்கு. சில மில்லிமீற்றர் அகலம்தான். வாயைச் சுற்றி மெல்லிய கைகள், அவற்றைப் பெரும்பாலும் இரவில்தான் விரிக்கும். நாம் கல் என்று சொல்வது இந்தச் சிற்றுயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சுண்ணாம்பு. இவற்றின் உடலுக்குள் பழுப்பு நிற நுண்பாசி குடியிருக்கிறது, ஒரு சதுர சென்ரிமீற்றருக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில். இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கு வாடகைக்குப் பதிலாகச் சமைத்துப் போடுகிற குடி அது. ஒளித்தொகுப்பால் செய்யும் உணவில் பெரும் பங்கை முருகைக்குக் கொடுத்துவிடுகிறது. முருகைக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை இப்படித்தான் கிடைக்கிறது. நாம் ரசிக்கிற நிறத்திலும் பெரும்பகுதி அந்தப் பாசியுடையது.

வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தால், பாசியின் ஒளித்தொகுப்பு பழுதாகிறது. வெயில் விழுந்துகொண்டே இருக்கும், பிடித்த ஒளியைச் செலவழிக்க வழி இராது. மிஞ்சும் சக்தி ஒட்சிசனைத் திசுக்களை அரிக்கிற வடிவங்களாக மாற்றிவிடும். முருகை வேறு வழியில்லாமல் பாசியை வெளியே தள்ளுகிறது. நிறமற்ற தோலினூடே உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியத் தொடங்கும். இதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறிய முருகை செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களுக்குள் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பவும் குடியேறும்.

எவ்வளவு சூடு என்பதோடு எத்தனை நாள் சூடு என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நோவா அமைப்பு செய்மதி அளவுகளைக் கொண்டு இதைப் பாகை-வாரம் என்று எண்ணுகிறது. ஒரு பாகை கூடுதலாக நான்கு வாரம் நின்றால் 4. இரண்டு பாகை இரண்டு வாரம் நின்றாலும் 4. நான்கில் வெளிறலை எதிர்பார்க்கலாம். எட்டைத் தாண்டினால் பரவலாகச் சாவு விழும். அதனால் கச்சான் எழும்பும் நாள் இங்கே பெரிய விஷயம். காற்று எழும்பினால் மேல்நீர் கலங்கி, கீழிருக்கும் குளிர்ந்த நீர் சேரும். ஒரே அளவு சூடான இரண்டு வருடங்களில், காற்று முந்திய வருடம் முருகை பிழைக்கலாம், இரண்டு மூன்று வாரம் பிந்திய வருடம் சாகலாம்.

புறாத்தீவுக்கு வருவோம். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம், 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். 1998-ல் இந்து சமுத்திரம் முழுக்க வெளிறல் வந்தபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்துப் பார் பாறையிலும் ஆழமற்ற முருகை பெருமளவில் செத்தது. திருகோணமலைப் பக்கம் தப்பியது. அதனாலேயே நம் முருகைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை பலருக்கு வந்துவிட்டது. 2016-ல் கிழக்குக் கரை முருகைகளும் வெளிறின. 2024 ஏப்ரலில், உலகளவில் நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். ஒருமுறை தப்பியது அடுத்த முறைக்கு உத்தரவாதம் இல்லை.

எல்லா முருகையும் ஒரே மாதிரி அடிபடுவதும் இல்லை. கூட்டம் மாறுவது இங்கேதான் தொடங்குகிறது. கிளைவிட்டு வளரும் மான்கொம்பு முருகை வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை வளரும், மெல்லிய தோல், சூடு வந்தால் முதலில் விழும். உருண்டு திரண்ட போரைட்டிஸ் வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும், தடித்த தோல், தாக்குப்பிடிக்கும். ஆக, ஒரு சூடான வருடத்துக்குப் பிறகு உருண்டைகள் நிற்கும், கிளைகள் போய்விடும். கிளைகளின் இடுக்கில் ஒளிந்து வாழ்ந்த சின்ன மீன்களுக்கு உருண்டைக் கல்லில் இடம் இல்லை. முருகையையே கொறித்து வாழ்கிற வண்ணத்துப்பூச்சி மீன் குறையத் தொடங்கும்.

அப்புறம் நடப்பது கொஞ்சம் எதிர்பாராதது. செத்த கிளைகளின் மேல் சில நாட்களிலேயே இழைப்பாசி படரும். பாசி தின்னும் கிளிமீனுக்கும் ஓராவுக்கும் தீனி பெருகும், அவை சில காலம் கூடவும் செய்யும். அந்த நேரத்தில் போய் மீனை எண்ணினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் செத்த கிளைகளைக் கடற்பஞ்சும் கடல் முள்ளெலிகளும் துளைத்துக்கொண்டே இருக்கின்றன. சில வருடங்களில் அவை நொறுங்கிச் சரளையாகிவிடும். குஞ்சுகளுக்கு ஒளியிடம் போய்விடும், அதற்குப் பிறகுதான் அந்தக் குஞ்சுகளைத் தின்று வளர்ந்த கலவாய் போன்றவை குறையும். சூடு வந்தது ஒரு வருடம், மீன் குறைந்தது ஐந்தாறு வருடம் கழித்து. இந்த இடைவெளியால்தான் காரணத்தையும் விளைவையும் நாம் சேர்த்துப் பார்க்கத் தவறுகிறோம்.

சூடு மட்டும் தனியாக வருவதும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் திருகோணமலை முருகைகளின் மேல் முள் நிறைந்த ஒருவகை நட்சத்திர மீன் பெருங்கூட்டமாகப் பரவியது. வயிற்றை வெளியே தள்ளி முருகையின் மேல் விரித்து, சதையைக் கரைத்து உறிஞ்சும் பிராணி அது. அதற்கும் மிகவும் பிடித்தது மான்கொம்பு வகைதான். சூட்டில் முதலில் விழுவதும் அதுவே, நட்சத்திர மீன் முதலில் தேடுவதும் அதுவே, நீந்த வருகிறவர்கள் மிதித்தால் முதலில் ஒடிவதும் அதுவே.

சரி, இப்படி அடிபட்ட பாறை திரும்ப எழும்புமா? சீசெல்ஸ் தீவுகளில் இதற்கு நல்ல விடை கிடைத்திருக்கிறது. 1998-ல் அங்கே 90 சதவீதத்துக்கு மேல் முருகை அழிந்தது. ஆய்வாளர்கள் 21 பாறைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, 2015-ல் முடிவைச் சொன்னார்கள். 12 பாறைகள் மெல்ல முருகைக்குத் திரும்பின. 9 பாறைகள் பெரிய கடற்பாசி மூடி அப்படியே நின்றுவிட்டன. சற்று ஆழமாக இருந்தவை, மேடுபள்ளமும் இடுக்கும் மிஞ்சியிருந்தவை, பாசி தின்னும் மீன் நிறைய இருந்தவை, பசளைச் சத்து கலக்காத தண்ணீரில் இருந்தவை, இவையே பெரும்பாலும் எழும்பின. எனக்கு இது மிக முக்கியமான முடிவாகப் படுகிறது. சூட்டை நிலாவெளியில் இருந்துகொண்டு நிறுத்த முடியாது. இரவில் டோர்ச் அடித்து, தூங்குகிற கிளிமீனைக் குத்துவதை நிறுத்த முடியும்.

கடலை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் போனால் இதே கதை வேறு விதமாக நடக்கிறது. குளத்து மீனுக்குச் சூடு என்பது முதலில் மூச்சுப் பிரச்சினை. 25 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் வரை பிடித்துவைக்கும். 30 பாகையில் சுமார் 7.6 மில்லிகிராம்தான். மீனின் உடம்பு வேலை செய்யும் வேகமோ பத்துப் பாகைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கிடைப்பது குறையும்போது தேவை கூடுகிறது. கச்சான் அடித்துக் குளம் வற்றும் மாதங்களில், வயலிலிருந்து வடிந்த பசளையும் சேர்ந்தால், தண்ணீர் பாசியால் பச்சையாகும். பகலில் அந்தப் பாசி ஒட்சிசனைத் தரும். இரவில் அதுவும் மூச்சு விட்டு, இருப்பதைக் குடித்துவிடும். அதனால் ஒட்சிசன் மிகக் குறைவது விடியற்புறத்தில். அந்த நேரத்தில் அணைக்கட்டில் நின்று பார்த்தால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரியும். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய மேல்நீரில்தான் மூச்சுக்கு ஏதாவது மிஞ்சியிருக்கிறது.

இந்த நெருக்கடியில் விராலுக்கும் பனையேறிக்கும் கவலை குறைவு. செவுளோடு சேர்த்து, காற்றை நேரடியாகவே மூச்சாக இழுக்கும் உறுப்பும் அவற்றுக்கு உண்டு. 1952-ல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் கெட்ட தண்ணீரில் பிழைக்கத் தெரிந்த மீன். இன்று நம் குளங்களில் பிடிபடுவதில் பெரும்பங்கு திலாப்பியாதான். நல்ல ஓட்டமும் தெளிவும் வேண்டுகிற நாட்டுக் கெண்டை வகைகள் பின்தங்கும். பாசியிலும் இதே போட்டிதான்: நீலப்பச்சைப் பாசி தனக்குள்ளே வாயு நிரப்பி மேலே மிதந்து வெயிலைப் பிடிக்கும், சூட்டை விரும்பும், அதைத் தின்னச் சிற்றுயிர்களும் தயங்கும்.

இனி வெளிக்கடல். வங்காள விரிகுடாவில் கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் வந்து விழுகின்றன. உப்புக் குறைந்த அந்த நீர் கனம் குறைந்தது, மேலேயே தங்கும். வாடைக் காலத்தில் இந்திய கிழக்குக் கரையோரமாகத் தெற்கே வரும் நீரோட்டம் அதில் ஒரு பங்கை நம் வாசலுக்கும் கொண்டுவருகிறது. மேலே சூடான, உப்புக் குறைந்த படை. கீழே குளிர்ந்த, சத்து நிறைந்த நீர். சூடு கூடக் கூட இந்த இரண்டும் கலப்பது கடினமாகிறது. சத்து மேலே வராவிட்டால் பெரிய உடல் கொண்ட நுண்பாசிகள் தளர்ந்து, மிகச் சின்னவை பெருகும். சின்னப் பாசியைத் தின்ன இன்னும் சின்ன விலங்கு, அதைத் தின்ன இன்னொன்று என்று சாளைக்கோ நெத்தலிக்கோ வந்து சேர்வதற்குள் ஒரு படி கூடிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் சக்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் வீணாகும். பாசியின் மொத்த அளவு அப்படியே இருந்தாலும் வலைக்கு வருவது குறையலாம் என்பது இதனால்தான்.

இதற்கு எதிராக நமக்குக் கச்சான் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்று தீவைச் சுற்றிக்கொண்டு போகும்போது, கிழக்கே கடல் இடஞ்சுழியாகச் சுழன்று, நடுவில் ஆழத்து நீர் குவிமாடமாக மேலெழுகிறது. கடலியலாளர்கள் இதற்கு இலங்கைக் குவிமாடம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே சத்து மேலே வருகிறது, பாசி பெருகுகிறது, அதை நம்பி மற்றவை வருகின்றன. இந்தக் காற்றின் வலுவோ காலமோ மாறினால் அதன் தாக்கம் ஒரு பாகைச் சூட்டைவிடப் பெரிதாக இருக்கலாம்.

சூடு தாங்காத கடலுயிர்கள் துருவத்தை நோக்கி நகர்கின்றன என்று உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அத்திலாந்திக்கில் ஒரு மீன் வடக்கே போகப் போக அதற்குக் குளிர்ந்த கடல் கிடைத்துக்கொண்டே இருக்கும். வங்காள விரிகுடாவில் வடக்கே போனால் தரை. தெற்கே போனால் நிலநடுக்கோடு. மிஞ்சுவது கீழே இறங்குவது. திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால் ஆழத்துக்கு இங்கே பஞ்சமில்லை, ஆனால் வெளிச்சம் வேண்டிய முருகையால் அங்கே போக முடியாது. போகக்கூடிய மீனும் ஒட்சிசன் குறைந்த படையில் போய் முட்டும். வங்காள விரிகுடாவில் நூறு மீற்றர் அளவிலேயே அது தொடங்கிவிடுகிறது.

கொட்டியாரக் குடாவையும் சொல்லியாக வேண்டும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலில் சேரும் இடம். இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு கண்டல் வேருக்குள்ளும் கடற்புல்லுக்குள்ளும் வந்து வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகும். எப்போது நன்னீர் வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதை வைத்தே அந்தப் போக்குவரத்து நடக்கிறது. மேலே அணைகளும் திசைதிருப்பல்களும் அந்த வரவை மாற்றியிருக்கின்றன. பெருமழை ஒரேயடியாகக் கொட்டினால் சேறு வந்து கடற்புல்லின் வெளிச்சத்தை மறைக்கும். சூட்டில் ஏற்கெனவே அதிகம் மூச்சு வாங்கும் புல்லுக்கு வெளிச்சமும் குறைந்தால் இருப்பிலிருந்து தின்று தீர்க்க வேண்டியதுதான்.

முருகைக்குத் திரும்பினால், எல்லாவற்றையும் தீர்மானிப்பது இடைவெளி. 1980-களின் தொடக்கத்தில் உலகில் ஒரு பாறை கடுமையாக வெளிறினால் அடுத்தது வர 25 முதல் 30 வருடம் இருந்தது. 2016 அளவில் அது ஆறு வருடமாகச் சுருங்கிவிட்டது. வேகமாக வளரும் மான்கொம்பு வகைக்கே பழையபடி நிரம்பப் பத்து வருடம் வேண்டும். அதனால் இடையில் வேறு அடி விழாமல் பார்ப்பதுதான் கைக்கு எட்டிய வேலை. 2016-ல் தாய்லாந்து வெளிறல் நேரத்தில் சுழியோடும் இடங்கள் சிலவற்றை மூடிவைத்தது. புறாத்தீவிலும் ஏப்ரல், மே மாதங்களில் பாகை-வாரம் நான்கைத் தொட்டால் ஆழமற்ற பக்கத்தைச் சில வாரங்களுக்கு மூட வேண்டும் என்றே நினைக்கிறேன். கிழக்கில் சீசன் அப்போதுதான் சூடுபிடிக்கும், படகுக்காரருக்கு நட்டம் வரும்; அந்த வாரங்களுக்கு அவர்களுக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். பட்டினி கிடக்கிற முருகை அந்த நேரத்தில் ஒடிந்தால், காயத்தை ஆற்ற அதனிடம் சக்தி இருப்பதில்லை.