ஆண்டர்மாட்: பனியைப் பிடித்து நிறுத்திய ஊர்

சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில், மலைக் கணவாய்கள் வந்து கூடும் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது ஆண்டர்மாட். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். கோட்ஹார்ட் கணவாய் வழியாக இத்தாலிப் பக்கம் போகிற குதிரை வண்டிகள் ஒரு காலத்தில் இந்த ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். 1882-ல் கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் திறந்தது. 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், இந்த ஊருக்கு அடியிலேயே போனது. 1980-ல் சாலைச் சுரங்கமும் வந்துவிட்டது. ரயில் சுரங்கம் வந்த பிறகு நீண்ட காலம் ஊருக்குச் சோறு போட்டது ராணுவ முகாம். பனிப்போர் முடிந்ததும் அதுவும் சுருங்கியது. மிஞ்சியது 2,961 மீட்டர் உயரமுள்ள கெம்ஸ்டாக் சிகரமும், அதற்கு ஏறும் கேபிள் காரும், தேர்ந்த பனிச்சறுக்கு வீரர்களுக்கு மட்டுமே தெரிந்த நல்ல பனியும்.

எகிப்தில் செங்கடல் கரையில் எல் கூனா என்ற ஊரையே எழுப்பிய தொழிலதிபர் சமீஹ் சாவிரிஸ் 2005 வாக்கில் இங்கே வந்தார். வெளிநாட்டவர் வீடு வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சுவிஸ் சட்டத்திலிருந்து அவருடைய திட்டத்துக்கு அரசு விலக்குக் கொடுத்தது. 2013-ல் பெரிய ஹோட்டல் திறந்தது. 2022-ல் அமெரிக்காவின் வேய்ல் ரிசார்ட்ஸ் (Vail Resorts) நிறுவனம் 14.9 கோடி பிராங்க் முதலீட்டில் சறுக்கு மையத்தின் 55 சதவீதப் பங்கை எடுத்தது. செய்திகளில் அதிகம் வருவது இந்தப் பணக் கதைதான். ஆனால் ஹோட்டல் கட்டினால் மட்டும் சறுக்கு மையம் உயிர் பெறாது. குறிப்பிட்ட தேதியில் சரிவில் பனி இருக்க வேண்டும், அது மார்ச் வரை நிற்க வேண்டும், வந்தவர்கள் மேலே போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றையும் தீர்த்துக் கொடுப்பது இயற்பியல்.

இயற்கையாகவே ஆண்டர்மாட்டுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிந்ததும் குளிர்கிறது, ஈரம் பனியாகக் கொட்டுகிறது. பல மலையூர்களுக்கு ஒரு திசைக் காற்றுதான் பனி கொண்டுவரும். ஆல்ப்ஸின் முதுகெலும்பை ஒட்டி இருப்பதால் இந்த ஊருக்கு வடக்கிலிருந்து வரும் புயலும் பனி தரும், தெற்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருவதும் தரும். கெம்ஸ்டாக்கின் முக்கியச் சரிவுகள் வடக்குப் பார்த்தவை. குளிர்காலச் சூரியன் தாழ்வாகத் தெற்கில் நகர்வதால் அங்கே வெயில் அதிகம் விழாது, பனியும் நிற்கும்.

ஆனால் பனி எப்போது விழும் என்பது யார் கையிலும் இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் வெறும் புல் தெரிந்தால் அந்த வருஷ வருமானத்தில் பெரிய ஓட்டை விழும். அதனால் எந்தச் சறுக்கு மையத்தையும் தூக்கி நிறுத்த நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது பனி உற்பத்தியில்.

1950-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெயின் பியர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரையும் தோட்டத்துக் குழாயையும் சேர்த்துச் செய்ததுதான், தண்ணீரைப் பீய்ச்சிப் பனியாக்கும் முதல் பனித் துப்பாக்கி. இன்றைய இயந்திரங்களும் அதே அடிப்படையில்தான் வேலை செய்கின்றன.

ஒரு துளியைப் பின்தொடர்ந்து பார்ப்போம். தண்ணீர் சுழியம் டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சுத்தமான சிறு துளி அப்படி உறையாது. பற்றிக்கொள்ள ஒரு கரு கிடைக்காவிட்டால் மைனஸ் 38 டிகிரி வரைகூடத் திரவமாகவே இருக்கும். எனவே துப்பாக்கியில் இரண்டு வகை மூக்குகள் இருக்கும். ஒன்றில் அழுத்தப்பட்ட காற்றும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து பீறிடும். வெளியே வந்ததும் காற்று சட்டென்று விரிந்து கடுமையாகக் குளிர்வதால் நுண்ணிய பனிக்கட்டி விதைகள் உருவாகும். மற்ற மூக்குகளில் வெறும் தண்ணீர்ப் புகை. இந்தப் புகைத் துளி விதையோடு மோதிய நொடியில் உறையத் தொடங்குகிறது.

உறையும்போது துளி வெப்பத்தை வெளியே விட வேண்டும், ஒரு கிராமுக்குச் சுமார் 334 ஜூல். அந்த வெப்பத்தில் ஒரு பெரிய பங்கை வெளியேற்றுவது ஆவியாதல், வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதே வேலை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,500 ஜூல் தேவை. அதாவது ஒரு கிராம் ஆவியாகிப் போனால் ஏழு கிராம் உறையும்! இவ்வளவும் துளி தரையைத் தொடுவதற்குள் சில நொடிகளில் முடிய வேண்டும். பத்து மீட்டர் உயரக் கம்பங்களின் உச்சியில் மூக்குகளை வைப்பது அந்த நொடிகளுக்காகத்தான்.

ஆவியாவது காற்றின் வறட்சியைப் பொறுத்தது. அதனால் பனி செய்பவர்கள் சாதாரண வெப்பமானியை நம்புவதில்லை, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். காற்று சரியாக 0 டிகிரியில் இருந்தாலும் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் மைனஸ் 4-ஐ ஒட்டி இறங்கிவிடும், பனி செய்யலாம். மைனஸ் 1 டிகிரியில் மூடுபனி சூழ்ந்திருந்தால் செய்ய முடியாது. பொதுவாக ஈரக்குமிழ் மைனஸ் 2-க்குக் கீழே போக வேண்டும். நவம்பரில் அப்படிப்பட்ட இரவுகள் கொஞ்சம்தான் கிடைக்கும். கிடைத்த மணிநேரத்தில் எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டத் தண்ணீரும் மின்சாரமும் தயாராக இருக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு சிறியதல்ல. இயந்திரப் பனி கனமானது, கன மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் போடச் சுமார் 1,200 கன மீட்டர் தண்ணீர் தேவை. குளிர்காலத்தில் ஓடைகள் மெலிந்துவிடும், அப்போது உறிஞ்சினால் அதில் வாழும் உயிர்கள் பாதிக்கப்படும். ஆகவே முன்கூட்டியே நிரப்பி வைக்கும் மலைக்குளங்கள் வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு சறுக்கு மையத்தின் எதிர்காலத்தைப் பார்க்க அதன் ஹோட்டலைவிட இந்தக் குளத்தைப் பார்ப்பது மேல்.

சரி, பனி வந்துவிட்டது. ஆட்களை மேலே கொண்டுபோவது எப்படி? ஆண்டர்மாட் செய்த பெரிய காரியம், ஓபரால்ப் கணவாய்க்கு அந்தப் பக்கமுள்ள செட்ரூன் ஊரின் சறுக்குச் சரிவுகளோடு தன்னுடையதைக் கேபிள் கார்களால் இணைத்தது. 2018-ல் இணைப்பு முழுமையானது. நடுவில் 2,044 மீட்டர் உயரக் கணவாயில் ரயில் குளிர்காலத்திலும் ஓடுகிறது, சாலை மூடியிருக்கும்போதுகூட.

பழைய நாற்காலி இழுவையில் நாற்காலி கம்பியோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கும். ஆள் ஏறும் வேகம்தான் கம்பியின் வேகம், நொடிக்குச் சுமார் 2.5 மீட்டர். புதியவற்றில் கேபின் நிலையத்துக்குள் நுழைந்ததும் ஒரு நெம்பு தண்டவாளத்தில் அழுந்தி, சுருள்வில்லின் பிடி திறந்து, கேபின் கம்பியை விட்டுவிடுகிறது. வரிசையாகச் சுழலும் சிறு டயர்கள் அதை நடைவேகத்துக்கும் கீழே கொண்டுவருகின்றன. ஏறி உட்கார்ந்ததும் அதே மாதிரி டயர்கள் உந்தித் தள்ள, கம்பியின் வேகம் வந்தபிறகே பிடி மூடுகிறது. வெளியே கம்பி நொடிக்கு 5, 6 மீட்டரில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மலை தாண்டிப் போனவர் சாயங்காலத்துக்குள் திரும்பி வர முடிவது இந்த வேகத்தால்தான்.

உச்சியில் வேறொரு சிக்கல். கெம்ஸ்டாக்கின் குர்ஷென் பனியாறு வருஷா வருஷம் தாழ்ந்துகொண்டே போனது. மேல் நிலையத்திலிருந்து சறுக்குப் பாதைக்கு இறங்க ஒவ்வொரு பருவத்திலும் பனியைக் குவித்துச் சரிவுமேடை கட்ட வேண்டியிருந்தது. 2005 கோடையில் அந்த இடத்தை வெள்ளைக் கம்பளி போன்ற துணியால் போர்த்தினார்கள். அழுக்கேறிய பழைய பனிக்கட்டி வெயிலில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும், வெள்ளைத் துணி அதைத் திருப்பி அனுப்பிவிடும். துணிக்கடியில் உருகுவது பாதிக்கும் மேல் குறைகிறது. சில ஆயிரம் சதுர மீட்டருக்கு இது பலிக்கும். முழுப் பனியாற்றைக் காப்பாற்ற முடியாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும், எனக்கு அது வருத்தமான விஷயம்.

இதே பனி ஆளையும் கொல்லும். 1951 ஜனவரியில் பனிச்சரிவுகள் ஆண்டர்மாட்டைத் தாக்கி உயிர்களைப் பறித்தன. ஊருக்கு மேலே முக்கோணமாக நிற்கும் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று 1397-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மரக்கிளைகள் பனியைத் தாங்கிக் கட்டி கட்டியாக உதிர்க்கும். அதனால் வழுக்கும் அடுக்கு ஒரே தகடாகப் படியாது. மரம் வளராத உயரத்தில் எஃகு வேலிகள் அந்த வேலையைச் செய்கின்றன. மற்ற இடங்களில், இரவு பனி கொட்டினால், விடியும் முன்பே காவல் குழு வெடி வைத்துப் பனிச்சரிவை வேண்டுமென்றே இறக்கிவிடும். அப்புறம் பாதை சமன் செய்யும் வண்டிகள் போகும். முதல் கேபின் கிளம்புவது அதற்குப் பிறகுதான்.