அது அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது பிள்ளை. 8 வயது. பின்கழுத்தில் பட்டை போலக் கருத்துத் தடித்திருக்கிறது. "எவ்வளவு தேய்ச்சாலும் அழுக்குப் போக மாட்டேங்குது டாக்டர்" என்கிறார் அம்மா. தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகியிருக்கிறது. எடை கூடிய பிள்ளைகளுக்குக் கழுத்து இப்படிக் கருத்தால், பெரும்பாலும் உடம்பில், ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். சோப்புக்கு அங்கே வேலையே இல்லை.

என்ன குடிக்கிறாள் என்று கேட்டேன். கூல்டிரிங்க்ஸ் வாங்கித் தருவதே இல்லையாம். வீட்டில் பிழிந்த ஜூஸ்தான், சர்க்கரைகூடப் போடாமல். காலையில் ஒரு டம்ளர், பள்ளிக்கு ஒரு பாட்டில், மாலையில் இன்னொரு டம்ளர்.

எத்தனை பேரிடம்தான் சொல்வது! ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று ஆரஞ்சாவது பிழிய வேண்டும். அந்த மூன்றையும் உரித்துக் கொடுத்தால் பிள்ளை தின்னுமா? ஒன்றைத் தின்றுவிட்டு விளையாடப் போய்விடும். ஜூஸ் என்றால் ஒரே மடக்கு. நார்ச்சத்து சக்கையோடு குப்பைக்குப் போகிறது, சர்க்கரை டம்ளருக்கு வருகிறது. 200 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம். உலக சுகாதார நிறுவனம் இதையும் சீனி, தேனோடு சேர்த்துத்தான் கணக்கு வைக்கிறது. நாளின் மொத்தக் கலோரியில் இந்தச் சர்க்கரை 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. நாளுக்கு 1600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் வெறும் 20 கிராம். காலை டம்ளரிலேயே தீர்ந்துவிட்டது. பழத்தைப் பழமாகவே கையில் கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர்.

"உயரம் கூடினா சதை கரைஞ்சிடும்" என்று காத்திருக்கவும் வேண்டாம். உயரத்தையும் எடையையும் அளந்து வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எங்களுக்கே தவறும்.

அப்புறம் விளையாட்டு. தினமும் 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு. ஒரே தடவையில் முடியாவிட்டால் பிரித்துக்கொள்ளலாம். டிரெட்மில் வாங்கட்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், ஓடவும் குதிக்கவும் ஏறவும் விடுங்கள், போதும். டியூஷனுக்காக அந்த நேரத்தில் கை வைக்காதீர்கள். தூக்கத்திலும்தான்: 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மட்டும் டயட் என்று தனித் தட்டு வைக்காதீர்கள். மாற்றுவதானால் வீட்டில் எல்லோருக்கும் மாற்றுங்கள். பிள்ளையின் காது கேட்க 'குண்டு' என்று சொல்லாதீர்கள். அன்று அம்மா அந்தச் சொல்லைச் சொன்னதும், அவள் சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.